14 பக்க ஸ்கிரிப்ட், 2 நாள் கேமரா: எதை வெட்டுறது?

மூணாம்வருசம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ஒரு குறும்படம் பண்ணணும். டைட்டில், நன்றி கார்டு எல்லாம் சேர்த்து 10 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. டிபார்ட்மென்ட் கேமரா எங்க டீம் கைக்கு ஒரே ஒரு சனி, ஞாயிறுதான் வரும். அதுக்கு இன்னும் 5 வாரம் இருக்கு. என்னையும் சேர்த்து 5 பேர்.

கதை இதுதான். அண்ணன் நோய்ல இறந்து ஒரு வருஷம் ஆச்சு. அவனோட பைக் வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடி நிக்குது. தம்பி அம்மாவுக்குத் தெரியாம அதை விக்கப் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில ஆரம்பிக்குது. அப்புறம் அண்ணன் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிற ஃப்ளாஷ்பேக், அண்ணனோட நண்பன் கூட ஒரு சண்டை, மழையில ஒரு கனவு. வண்டி வாங்க ஒருத்தர் வர்றார், கிளப்பி ஓட்டிப் பார்க்கிறார், அந்தச் சத்தம் கேட்டு உள்ள இருந்த அம்மா வாசலுக்கு வந்துடறாங்க (இது 19வது சீன், அரைப் பக்கம்). கடைசியில அம்மாவும் பையனும் 3 நிமிஷம் பேசி அழறாங்க. வண்டியை விக்கல.

மொத்தம் 14 பக்கம், 23 சீன், 6 கேரக்டர், 5 லொகேஷன். ப்ராஜெக்ட் கைடு படிச்சுட்டு "கான்ஃப்ளிக்ட் பத்தல"ன்னு சொன்னதாலதான் அந்த நண்பன் சண்டையைச் சேர்த்தேன். அம்மா ரோலுக்கு ஆள் கிடைக்கல, கிளாஸ்மேட் ஒருத்திக்கு நரை பூசி நடிக்க வைக்கலாம்னு இருக்கோம். தெரிஞ்சவர் ஒருத்தர் ட்ரோன் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

இப்ப ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் தாள்ல படமா போட்டு வைக்கிறது) வரைய ஆரம்பிக்கலாமா, இல்ல முதல்ல ஸ்கிரிப்ட்டைக் குறைக்கணுமா? குறைக்கணும்னா எங்க இருந்து?

கத்தரி எழுதியது:

ட்ரோனை வேண்டாம்னு சொல்லிடுங்க. உங்க கதையில யாரும் வானத்துல இருந்து பார்க்கல.

நான் எடிட்டிங் பக்கம் இருக்கிறவன், அதனால கணக்கு மட்டும் சொல்றேன். ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு எல்லாரும் சொல்வாங்க. அது 12 பாயிண்ட் கூரியர் எழுத்துல, ஆங்கில ஸ்கிரீன்ப்ளே ஃபார்மட்ல டைப் பண்ணின பக்கத்துக்கு வந்த வாய்ப்பாடு. நீங்க தமிழ்ல, ஏதோ ஒரு ஃபான்ட்ல, ஏதோ ஒரு மார்ஜின்ல அடிச்சிருப்பீங்க. அந்த 14 பக்கம் 11 நிமிஷமும் ஆகலாம், 20 நிமிஷமும் ஆகலாம். ஸ்டாப்வாட்ச் வச்சு சத்தமா படிங்க. வசனத்தை மட்டும் படிச்சா போதாது. "அவன் தார்ப்பாயை விலக்குகிறான்"னு இருந்தா எழுந்து போய் ஒரு போர்வையை விலக்குங்க. அந்த நேரமும் சேரணும். டைட்டில் கார்டுக்கு 40 வினாடியாவது ஒதுக்கிட்டு மிச்சத்தைப் பாருங்க.

பழைய உதவி எழுதியது:

தம்பி, ஸ்டோரிபோர்டைத் தொடாதீங்க. வரைஞ்சுட்டா அந்த சீன் மேல பாசம் வந்துடும், அப்புறம் வெட்ட மனசு வராது.

நான் 9 வருஷம் அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்தவ. இப்ப மாணவர் படங்களுக்கு ஷெட்யூல் போட்டுக் கொடுக்கிறேன். எனக்கு முதல்ல தெரியறது சீன் இல்ல, ஷாட் (வெட்டாம ஒரே மூச்சுல ஓடற துண்டு) எண்ணிக்கை. 5 பேர் டீம்ல ஒரு ஷாட்டுக்கு லைட் சரி பண்ணி, ஒத்திகை பார்த்து, நாலு டேக் எடுத்து முடிக்க அரை மணியிலிருந்து 40 நிமிஷம் ஓடிடும். 10 மணி நேர நாள்ல செட்டப், சாப்பாடு, மூட்டை கட்டறது போக கையில நிக்கிறது ஏழரை மணி நேரம். நாளைக்கு 12 ஷாட், நல்ல நாளா இருந்தா 14. ரெண்டு நாளைக்கு 25ன்னு வச்சுக்கலாம். உங்க 23 சீனுக்கு, சிக்கனமா பிரிச்சாலே 60 ஷாட் வரும். இதுல 5 லொகேஷன். ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் ரெண்டு மணி நேரம் காணாமப் போகும், யார் தப்பும் இருக்காது.

இதை நான் புத்தகத்துல படிக்கல. என் ஸ்டூடன்ட் ஃபிலிம் 17 பக்கம், அதுக்கும் ரெண்டு நாள்தான். ரெண்டாம் நாள் சாயங்காலம் 4 மணிக்கு 11 ஷாட் பாக்கி. அதுல க்ளைமாக்ஸும் ஒண்ணு. இருட்டறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே வைட் ஷாட்ல நிக்க வச்சு எடுத்தேன். போதாக்குறைக்கு ஹீரோ ரெண்டாம் நாள் மழுமழுன்னு ஷேவ் பண்ணிட்டு வந்து நின்னான், யாரும் அவன்கிட்ட சொல்லி வைக்கல. அந்தப் படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்ல தூங்குது.

சரி, கதைக்கு வர்றேன். உங்க படம் எதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, ஆனா அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டீங்க. 19வது சீன். அரைப் பக்கம். ஒரு வருஷமா கேட்காத வண்டிச் சத்தம் வாசல்ல கேட்குது, ஒரு தாய் அது யாருன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க கால் வாசலுக்கு வந்துடுது. அந்த ரெண்டு வினாடி, "வந்துட்டான்"னு ஒரு முகம். அதைக் காட்டத்தான் இவ்வளவும். ஆஸ்பத்திரி எதுக்கு? அண்ணன் இல்லைங்கிறதை ஒரு தார்ப்பாயே சொல்லிடுது. கனவு எதுக்கு? மழைக்குத் தண்ணி லாரி யார் தருவா?

"கான்ஃப்ளிக்ட் பத்தல"ன்னு கைடு சொன்னது சரிதான். நீங்க அதை சண்டைன்னு புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு. தம்பிக்கு இந்தப் படத்துல என்ன வேணும்னு கேட்டுப் பாருங்க. வண்டி விக்கணும்கிறது சரி, அது பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்துல அவனுக்கு என்ன வேணும்? வண்டி கிளம்பற சத்தம் அம்மா காதுல விழக் கூடாது. இவ்வளவுதான் கதை. ஒரு சத்தத்தை வரவிடாம தடுக்கப் பார்க்கிறான்.

இதுல இருந்து யோசிங்க, சீன் தானா வரும். ஒரு வருஷம் நின்ன வண்டி ஒரே உதையில கிளம்பாது. பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும். அவன் முன்னாடியே ரகசியமா சரி பண்ணியிருக்கணும். எங்க வச்சுப் பண்ணினான்? வாசல்ல கிளப்ப முடியாது. விடியக்காலையில தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போறான். செயின் சத்தம் கூட வரக் கூடாதுன்னு மெதுவா தள்றான். இதுதான் உங்க முதல் ஷாட். ஏன் இவன் இப்படித் தள்றான்னு பார்க்கிறவன் முழிச்சுக்கிட்டு உட்காருவான். அப்புறம் வாங்க வந்தவர்கிட்ட "அந்த முனைக்குப் போய் ஓட்டிப் பாருங்க சார்"னு சொல்லியிருப்பான். அவருக்கு அது எதுக்குன்னு தெரியாது. பேசிக்கிட்டே சும்மா ஒரு உதை விடறார்.

அவ்வளவு நேரம் பையன் பட்ட பாடு அத்தனையும் அந்த ஒரு உதையில போச்சு. யாரும் யாரையும் அடிக்க வேண்டாம்.

கடைசி 3 நிமிஷ அழுகை வசனத்தையும் எடுத்துடுங்கன்னு சொன்னா கோபம் வரும், தெரியும். எழுதும்போது உங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும், அந்த ரெண்டு பேர் யாருன்னு நீங்க தெரிஞ்சுக்க. படத்துக்குத் தேவையில்ல. தூக்கிப் போடாதீங்க, நடிகர்கள்கிட்ட கொடுங்க. ஒத்திகையில அதைப் பேசி முடிச்சுட்டு வந்து பேசாம நடிக்கட்டும்.

அம்மா ரோலுக்கு கிளாஸ்மேட் வேண்டாம். நரை பூசலாம், முழங்கால் வலியைப் பூச முடியாது. இந்தப் படமே ஒரு முகம். பக்கத்துல இருக்கிற நாடகக் குழுவுல கேளுங்க, அத்தை பெரியம்மா யாரையாவது கேளுங்க. வசனம் குறைச்சல்னு சொன்னாலே பாதிப் பேர் சம்மதிப்பாங்க.

காதுகாரன் எழுதியது:

அக்கா சொன்னதுல ஒரு சொல் கூட மாத்த வேண்டாம். ஆனா ப்ரோ, அவங்க உங்களுக்கு ஒரு சவுண்ட் படத்தைக் கொடுத்துட்டாங்க. 5 பேர்ல சவுண்டுக்குன்னு யார் இருக்கா? "கேமராமேனே பார்த்துப்பான்"னு மட்டும் சொல்லாதீங்க.

அந்த வண்டிக்கு ஒரு குரல் வேணும். எல்லா பைக்கும் ஒரே மாதிரி கத்தினா அம்மா எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாங்க? தெருவுல வேற வண்டி ஒண்ணு ரெண்டு முன்னாடியே போகட்டும், அம்மா நிமிர்ந்து கூட பார்க்கக் கூடாது. இந்த வண்டி மட்டும் வேற. சைலன்சர்ல ஒரு சிலுசிலுப்பு, இல்லேன்னா மூணாவது உதைக்குத்தான் பிடிக்கும், ஏதாவது ஒண்ணு. மூணு உதைன்னா இன்னும் நல்லது: முதல் உதைக்கு அம்மா கை நிக்குது, ரெண்டாவதுக்குத் தலை திரும்புது, மூணாவதுக்கு ஆள் இல்ல.

வண்டிச் சத்தத்தைத் தனியா எடுங்க. வேற ஒரு நாள், கேமரா இல்லாமயே எடுக்கலாம், அதுக்கு டிபார்ட்மென்ட் கால்ஷீட் தேவையில்ல. வாசல்ல ஐடிலிங் (நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடறது), கிளம்பிப் போறது, முனையில திரும்பறது, திரும்பி வந்து நிக்கிறது. இதே நாலையும் வீட்டுக்குள்ள மைக்கை வச்சு மறுபடி எடுங்க: கதவு திறந்து ஒரு தடவை, சாத்தி ஒரு தடவை. சுவர் தாண்டி வரும்போது மேல்ஸ்தாயி எல்லாம் வடிஞ்சு ஒரு முனகல் மட்டும் நிக்கும். அம்மாவுக்குக் கேட்கிறது அதுதான். எடிட்ல செயற்கையா பண்ணலாம், ஆனா நிஜமானது கையில இருக்கும்போது எதுக்கு? ஷூட்டிங்ல வண்டியை நிஜமா ஓட விட்டுக்கிட்டே வசனம் ரெக்கார்ட் பண்ணாதீங்க. வசனம் புதைஞ்சுடும், வெட்டற இடத்துல எல்லாம் இன்ஜின் சத்தம் குதிக்கும்.

போன்ல சவுண்ட் எடுத்தாலும் பரவாயில்ல, 48 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க, வாய்க்குப் பக்கத்துல வைங்க. ஒவ்வொரு டேக்குக்கும் க்ளாப் அடிங்க, அப்பத்தான் எடிட்ல படத்தையும் சவுண்டையும் ஒட்ட முடியும். பலகை இல்லேன்னா ஃப்ரேமுக்குள்ள கையைத் தட்டுங்க. ஒவ்வொரு இடத்துலயும் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் வாயை மூடிக்கிட்டு 30 வினாடி அந்த அறையோட அமைதியை ரெக்கார்ட் பண்ணுங்க. ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணணும். ஆஃப் பண்ணினவர் தன் வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளயே வைக்கணும். அப்பத்தான் வீட்டுக்குப் போகும்போது ஆன் பண்ண ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, நான் ஒரு வீட்டுல சாவி வைக்காம வந்துட்டேன். மறுநாள் அந்த வீட்டம்மா கதவைத் திறக்கல.

மூணாம்வருசம் எழுதியது:

அக்கா, நேத்து ராத்திரி உங்க பதிலைப் படிச்சுட்டு கொஞ்சம் கோபமாத்தான் இருந்துச்சு. அந்த அழுகை சீன்தான் நான் முதல்ல எழுதினது. காலையில ஸ்டாப்வாட்ச் வச்சுப் படிச்சோம்: 16 நிமிஷம் 20 வினாடி. அதுல அழுகை மட்டும் 4 நிமிஷம். படிச்சு முடிச்சதும் டீம்ல ஒருத்தன் "அந்த வண்டி தள்ற சீன் எப்ப வரும்?"னு கேட்டான். அது ஸ்கிரிப்ட்லயே இல்லையேடான்னு சொன்னேன்.

திருப்பி எழுதறேன். ரெண்டு சந்தேகம். வாசல், தெரு, வீட்டு உள்ள, இவ்வளவுதான் இடம்னா எந்த வரிசையில எடுக்கிறது? கதை வரிசையிலயா? அப்புறம் கேமராவுல ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) எதுல வைக்கிறதுன்னு டீமுக்குள்ள சண்டை.

பழைய உதவி எழுதியது:

கோபம் வந்தா நல்லது, கதை உங்களுடையதுன்னு அர்த்தம்.

வரிசையை முடிவு பண்றது வெயில்தான், கதை இல்ல. முதல்ல வர்ற ஞாயித்துக்கிழமை அந்த வாசலுக்குப் போய் உட்காருங்க. காலை 6 மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை ஒரே இடத்துல நின்னு போன்ல ஒரு படம் எடுங்க. வாசல் எந்தத் திசை பார்த்திருக்கு, நிழல் எப்ப வருது, பக்கத்து வீட்டுல என்ன சத்தம் எப்ப வருதுங்கிறதெல்லாம் அன்னைக்குத் தெரிஞ்சுடும். ஒரே காட்சியில பாதி ஷாட்ல வெயில், பாதி ஷாட்ல நிழல்னு வந்தா வெட்டி ஒட்டவே முடியாது. வாசல் நிழல்ல இருக்கிற நேரத்துல வாசல் ஷாட் எல்லாம், உச்சி வெயில்ல வீட்டுக்குள்ள.

வண்டி தள்றது விடியக்காலை. வெளிச்சம் அரை மணி நேரம்தான் ஒரே மாதிரி நிக்கும். ரெண்டு நாளும் விடியலுக்கு ஆள் இருக்கிற மாதிரி போடுங்க, முதல் நாள் சொதப்பினா ரெண்டாம் நாள் இருக்கு. அம்மாவோட அந்த க்ளோசப்பை முதல் நாள் மதியத்துக்கு மேல வைங்க. காலையில முதல் ஷாட்டா வச்சா எல்லாரும் தட்டுத்தடுமாறிக்கிட்டு இருப்பீங்க, அவங்களுக்கும் உங்க மேல நம்பிக்கை வந்திருக்காது. ரெண்டாம் நாள் கடைசியில வச்சா என் கதிதான். அந்த ஷாட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. அதுக்காக வேற ரெண்டு ஷாட் போனாலும் போகட்டும். எதை விடறதுன்னு இப்பவே ஷாட் லிஸ்ட்ல பென்சில்ல குறிச்சு வைங்க. சாயங்காலம் 5 மணிக்குத் தெளிவா யோசிக்க முடியாது.

ஃப்ரேம் ரேட் சண்டையை கத்தரி தீர்த்து வைக்கட்டும்.

கத்தரி எழுதியது:

24ஓ 25ஓ, எதுவா இருந்தாலும் ஒண்ணுல ஆரம்பிச்சு அதுலயே முடிங்க. உங்க இடத்துல கரன்ட் 50 ஹெர்ட்ஸ்னா 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் விழற நேரம்) வினாடியில 50ல் ஒண்ணு. ட்யூப்லைட், மட்டமான எல்இடி எல்லாம் அப்ப துடிக்காது. 24தான் வேணும்னு அடம்பிடிச்சாலும் ஷட்டரை 50ல் ஒண்ணுலயே வைங்க. 60 ஹெர்ட்ஸ் இடமா இருந்தா 24 ஃப்ரேம், 60ல் ஒண்ணு. முன்கூட்டியே போய் அந்த வீட்டு லைட்டைப் போட்டு ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க, அதை விட பெரிய பாடம் இல்ல.

ஒரு ஷாட்டை போன்ல எடுத்து ஒட்டலாம்னு யாராவது சொன்னா ஜாக்கிரதை. நிறைய போன்கள் ஃப்ரேம் ரேட்டை நிலையா வைக்காது. தனியா எடுத்த சவுண்ட் ஆரம்பத்துல உதட்டோட ஒட்டும், போகப் போக நழுவும்.

கார்டு கணக்கு: வினாடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 45 ஜிபி. மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ரெண்டு வேற வேற டிஸ்க்ல காப்பி எடுத்து, ஃபைலைத் திறந்து ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம்தான் கார்டை அழிக்கணும். பாட்டு ஏதும் போடறதா இருந்தா இப்பவே சொல்லுங்க. இலவசம்னு போட்டிருந்தாலும் கிரியேட்டிவ் காமன்ஸ்ல "மாற்றம் செய்யக் கூடாது" வகை இருக்கு. அதைப் படத்தோட சேர்த்து ஒட்டறதே மாற்றம்தான், பயன்படுத்த முடியாது. எனக்குக் கேட்டா உங்க படத்துக்கு இசையே வேண்டாம், அந்த வண்டி போதும்.

மூணாம்வருசம் எழுதியது:

பத்து நாள் கழிச்சு வர்றேன். புது ஸ்கிரிப்ட் 6 பக்கம், ஸ்டாப்வாட்ச்ல 7 நிமிஷம் 40. மூணு கேரக்டர், ஒரே வீடு. 22 ஷாட், அதுல 4 பென்சில்ல. அம்மா ரோலுக்கு டீம்ல ஒருத்தனோட பெரியம்மா ஒத்துக்கிட்டாங்க. நடிச்சதே இல்ல. "நான் என்ன பேசணும்?"னு கேட்டாங்க. ஒண்ணும் பேச வேண்டாம்னதும்தான் பயம் போச்சு. சண்டை போட்ட நண்பனை எடுத்ததுக்கு கைடு ஒண்ணும் சொல்லல, "இப்பத்தான் கான்ஃப்ளிக்ட் வந்திருக்கு"ன்னார்.

நேத்து முழுசையும் போன்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். வாங்க வர்றவரா நடிக்கிறவர் நிஜமாவே வண்டி மெக்கானிக். மூணாவது உதைக்கு வண்டி கிளம்பிச்சு. ஆனா அவர் ஓட்டல, ஸ்கிரிப்ட்ல இல்லாத ஒண்ணைக் கேட்டுட்டார்: "தம்பி, ஹெல்மெட் இருக்கா?"

எங்க நடிகன் முழிச்சான். எனக்கும் கட் சொல்லத் தோணல. அவன் வீட்டுக்குள்ள போயி, ஸ்டாண்டுல தொங்கின ஒண்ணை எடுத்துட்டு வந்து கொடுத்தான். அது எங்க கேமராமேனோடது. அவர் அதைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்ததும் முகம் தெரியல. வாசல்ல பெரியம்மா வந்து நின்னாங்க. அங்க இருந்து பார்த்தா வண்டி மேல இருக்கிறது யார்னு யாராலயும் சொல்ல முடியாது.

இதை வச்சுக்கலாமா அக்கா? ஷாட் 24 ஆகுது.

பழைய உதவி எழுதியது:

பென்சில்ல குறிச்ச நாலையும் அழிச்சுட்டு இதை வைங்க.

ஹெல்மெட்டை மட்டும் மாத்துங்க. கேமராமேனோடது புதுசா பளபளன்னு இருக்கும். பழசா ஒண்ணு தேடுங்க, உள் பஞ்சு அமுங்கினது, வாரு நைஞ்சது. ப்ராப்ஸ் லிஸ்ட்ல அதுக்கு நேரா யார் பொறுப்புன்னு ஒரு பேர் போடுங்க. ரெண்டு நாளும் அதே ஹெல்மெட், வாரு அதே பக்கம் தொங்கணும், போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டு நாளைக்கும் வரச் சொல்லி இன்னைக்கே பேசிடுங்க, சனிக்கிழமை அவருக்குப் பட்டறை இருக்கும்.